மடிக்கணினியில் தோன்றும் பொய் எச்சரிக்கையும், அதன் மந்தகதியும்

நமது சங்க அலுவலகங்களில் பேரேடும் ரொக்கப் புத்தகமும் இரும்புப் பெட்டியும் மட்டுமே இருந்த காலம் கடந்துவிட்டது. அவற்றின் பக்கத்தில் மடிக்கணினி ஒன்றும் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாடெங்கிலுமுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு ரூ. 2,516 கோடித் திட்டம் ஒன்றினை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் அங்கீகரித்தது. நெசவாளர் சங்கங்களிலும் பாவு நூல், ஊடை நூல் வழங்கல், கூலிப் பட்டுவாடா, சேலை இருப்பு முதலியவை கணினியில் பதியப்பட்டு வருகின்றன. அங்கத்தினர்களின் இல்லங்களிலும் இக்கருவி புதிதன்று. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்றுவந்த கணினிகளைக் குன்றத்தூர்ப் பக்கத்துத் தறி வீடுகளிலும், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து விவசாயிகள் வீடுகளிலும் இன்றும் காணலாம். பிள்ளை வேலைக்குப் போய்விட்டான். கணினி வீட்டில் தங்கிவிட்டது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லும்போதெல்லாம் இக்கருவியைப் பற்றி இரண்டு முறையீடுகளை நாம் கேட்டு வருகிறோம். ‘திடீரென்று சிவப்பாக ஏதோ வந்து வைரஸ் புகுந்துவிட்டது என்கிறது’ என்பது ஒன்று. ‘எருமை மாடு போல நகர்கிறது’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே நோயின் இரு குறிகளாகப் பலர் கருதிவிடுகின்றனர். அந்தக் கருத்தே மோசக்காரர்களுக்கு முதலாக அமைகிறது என்பதால், இரண்டையும் தனித்தனியே விளக்குவது அவசியமாகிறது.

முதலாவதாக அந்தச் சிவப்புத் திரையை எடுத்துக்கொள்வோம். காரியதரிசியோ குமாஸ்தாவோ ஏதேனும் ஒரு படிவத்தைத் தேடி இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறார். மறுகணம் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு எழுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சின்னம் அதில் இருக்கும். ‘உங்கள் கணினி முடக்கப்பட்டது; வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன; கணினியை அணைக்காதீர்கள்; உடனே இந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். அபாயச் சங்கு போல் ஓசை எழும். சுட்டி அம்பு மறைந்துவிடும். பெருக்கல் குறியைத் தேடினாலும் கிடைக்காது. போதாக்குறைக்கு ‘சென்னை’ என்றோ ‘தாம்பரம்’ என்றோ ஊரின் பெயரும் அதில் காணப்படும். ஊரின் பெயர் சரியாக இருப்பதைக் கண்டவுடனேயே பெரும்பாலோர் நம்பிவிடுகின்றனர்.

இது முழுவதும் பொய். காரணங்களைச் சொல்வோம். இணையப் பக்கம் என்பது வெளியூரிலுள்ள ஒரு கணினியிலிருந்து வந்து நமது உலாவியில் விரியும் ஓர் ஏடு. சுவரொட்டியை ஒட்டியவன் வீட்டுக்குள் புகுந்து பெட்டியைச் சோதிக்க இயலாதது போல, அந்த ஏட்டுக்கு நமது கணினியின் உள்ளே உள்ள கோப்புகளைச் சோதித்து நோய் காணும் சக்தி கிடையாது. ஊரின் பெயரைக் கண்டுபிடிப்பதும் மாயமன்று. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் நமது இணைப்பின் எண் அப்பக்கத்துக்குத் தெரியும். அந்த எண்ணைக்கொண்டு ஏறக்குறைய எந்த ஊர் என்று எவரும் கணித்துவிடலாம். சுட்டி மறைவதும் திரை நிறைவதும் சலனப்படம் பார்க்கும்போது நிகழ்வதே. ஓசையோ வெறும் ஒலிப்பதிவு.

இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் அந்தத் தொலைபேசி எண்தான். தன்னுடைய உண்மையான பிழை அறிவிப்புகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் இராது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. எண் இருந்தால் அறிவிப்பு பொய் என்று இந்த ஒன்றைக் கொண்டே முடிவு செய்துவிடலாம். இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடத் தோன்றுகிறது. தனிநபர் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் எனக் கருதப்படும் ‘பிரெயின்’ 1986-இல் லாகூரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. தாங்கள் விற்ற மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைக் கண்டறியவே அதனை எழுதியதாக அவர்கள் கூறினர். அந்த வைரஸுக்குள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தனர். அந்த எண்ணுக்குப் பேசியவர்களுக்கு உண்மையான வைரஸின் ஆசிரியர்களே விடை கூறினர். இன்றைய திரையில் உள்ள எண்ணுக்குப் பேசினால் அந்த அளவு நாணயங்கூடக் கிடைப்பதில்லை.

இந்த மோசடி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இல்லாத வைரஸைக் காட்டி மருந்து விற்ற ‘இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங்’ என்ற கம்பெனியின் மீது அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2008-இல் வழக்குத் தொடுத்தது. 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனிடம் ஏமாந்து பணம் கட்டியதாக அக்கமிஷன் குற்றஞ்சாட்டியது. 2012-இல் 16 கோடியே 30 லட்சம் டாலர் செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. மருந்தை விற்பதைக் காட்டிலும் தொலைபேசியில் பேசிப் பறிப்பதே லாபகரமானது என்பதைக் கண்டுகொண்ட பிறகு இத்தொழில் நமது நாட்டிலேயே வேரூன்றியது என்பதை வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. மத்தியப் புலனாய்வுத் துறையினர் 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டனர். மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகிய நிறுவனங்கள் அளித்த புகார்களும் அதில் அடங்கும். ‘இதெல்லாம் வெளிநாட்டாரை ஏமாற்றும் வேலை, நமக்கென்ன?’ என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2021-இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய கருத்துக் கணிப்பில், விசாரிக்கப்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு 69 பேர் இத்தகைய மோசடியை எதிர்கொண்டதாகவும், 31 பேர் பணம் இழந்ததாகவும் கண்டனர்.

அந்த எண்ணுக்குப் பேசினால் நடப்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். தந்திரத்தை முன்கூட்டி அறிந்தவரிடம் அது பலிப்பதில்லை. மறுமுனையில் பேசுபவர் மிகுந்த மரியாதையுடன் பேசுவார். தம்மை மைக்ரோசாஃப்ட் எஞ்சினீயர் என்பார். முதலில், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ‘எனிடெஸ்க்’ அல்லது ‘டீம்வியூவர்’ போன்ற ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொல்வார். இவை நியாயமான காரியங்களுக்கு ஏற்பட்ட நல்ல மென்பொருள்களே. ஆயினும் திரையில் தோன்றும் எண்ணை அவரிடம் கூறி அனுமதி அளித்த கணமே சங்கத்தின் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தது போலாகிறது.

பிறகு அவர் ‘ஈவண்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறந்து காட்டுவார். அதில் மஞ்சள் முக்கோணங்களும் சிவப்பு வட்டங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கும். ‘பார்த்தீர்களா, இத்தனை வைரஸ்!’ என்பார். உண்மையில் அது கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் தினசரிக் குறிப்பேடு. அச்சுப்பொறி ஒரு விநாடி தாமதித்தாலும் அதில் பிழை என்று பதிவாகும். நேற்று வாங்கிய புதுக் கணினியிலும் அவை உண்டு. அடுத்து, ‘உங்கள் கணினியின் தனி எண்ணை நாம் அறிவோம், ஒத்துப் பாருங்கள்’ என்று சொல்லி 888 எனத் தொடங்கும் ஒரு நீண்ட எண்ணை வாசிப்பார். திரையில் அதே எண் இருக்கக் கண்டு நாம் திகைத்துப்போவோம். விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் அதே எண்தான் இருக்கிறது என்பதை அவர் சொல்லமாட்டார். மூன்றாவதாக, கறுப்புத் திரை ஒன்றில் இணைப்புகளின் பட்டியலை வரவழைத்து, ‘ஃபாரின் அட்ரஸ்’ என்ற தலைப்பைச் சுட்டிக்காட்டி, அந்நிய நாட்டார் புகுந்துவிட்டதாகக் கூறுவார். மறுமுனையிலுள்ள கணினியின் முகவரி என்பதற்கு மேல் அச்சொல்லுக்கு அங்கே பொருளில்லை. அது அடுத்த தெருவில் இருந்தாலும் ஃபாரின்தான்.

இந்தப் பாடம் முடிந்ததும் கட்டணப் பேச்சு எழும். அதைவிடக் கொடியது ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்னும் நாடகம். கட்டிய ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கிப் பக்கத்தைத் திறக்கச் செய்வார். தம் கையிலுள்ள இயக்கத்தைக்கொண்டு திரையில் காணும் இருப்புத் தொகையை மட்டும் மாற்றி எழுதுவார். உலாவியில் காணும் எழுத்துக்களை நம் பக்கத்தில் மட்டும் மாற்றிக் காட்டுவது சுலபம். வங்கியின் கணக்கில் ஒன்றும் மாறியிராது. ‘ஐயோ, ஆயிரத்துக்குப் பதில் லட்சம் வந்துவிட்டதே, என் வேலை போய்விடுமே, மிகுதியை அனுப்பிவிடுங்கள்’ என்று அழுவார். இரக்கமும் நாணயமும் உள்ளவரே இதில் அதிகம் வீழ்கின்றனர்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சங்கத்தில் நடந்ததைக் கூறுகிறோம், பெயர் வேண்டியதில்லை. குமாஸ்தா அந்த எண்ணுக்குப் பேசி, கணினியின் இயக்கத்தையும் கொடுத்து, கட்டணம் கட்டுவதற்காகச் சங்கத்தின் வங்கிக் கணக்கையும் திறந்துவிட்டார். ஆனால் அக்கணக்கில் பணம் அனுப்ப ஒருவர் பதியவும் மற்றொருவர் ஒப்பவும் வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. ஒப்புதலுக்கான ஒருமுறைக் கடவு எண் தலைவரின் கைப்பேசிக்குச் சென்றது. தலைவர் அப்போது கீரைப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ‘என்ன எண், யாருக்குப் பணம்?’ என்று அவர் திரும்பக் கேட்ட ஒரு கேள்வியில் சங்கத்தின் பணம் தப்பியது. அதே மாதத்தில் ஒரு நெசவாளர் குடும்பம் இவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த தொகை வங்கியிலிருந்து ஒரு பிற்பகலில் வெளியேறிவிட்டது. அந்தக் கணக்கில் இரண்டாவது கை ஒன்று இல்லை. வெட்கத்தினால் இரண்டு நாள் அவர்கள் வெளியே சொல்லவுமில்லை.

சங்கத்தில் ஒருவர் பதிந்து மற்றொருவர் ஒப்பும் ஏற்பாட்டைத் தொந்தரவு என்று கருதி, இரண்டு கடவுச் சொற்களையும் ஒரே தாளில் எழுதி ஒரே இழுப்பறையில் வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி வைத்து இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இனி, அத்திரை தோன்றினால் செய்யவேண்டியதைச் சொல்வோம். பேசக்கூடாது; எதையும் அழுத்தக்கூடாது; அதிலுள்ள ‘ரத்து’ பொத்தானையும் நம்பக்கூடாது. விசைப்பலகையின் இடது மேல் மூலையிலுள்ள எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் நிறைதிரை கலைந்து, சன்னலை மூடும் குறி தென்படும். அவ்வாறு ஆகாவிடில் ஆல்ட், எஃப்-4 ஆகிய இரண்டையும் சேர்த்து அழுத்தலாம். அதுவும் பயன்படாவிடில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மானேஜர்’ எழும். அதில் உலாவியின் பெயரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் திரை மறைந்துவிடும். ஒன்றும் கைகூடாதபோது மின்விசையைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். சேமிக்காத வேலை ஏதேனும் இருந்தால் போகும்; வேறொன்றும் கெடாது. அணைக்காதே என்று அவ்வறிவிப்பு கூறுவதே அணைத்தால் அது ஒழிந்துவிடும் என்பதனால்தான். மீண்டும் உலாவியைத் திறக்கும்போது ‘முந்தைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று விடவேண்டும்.

திரையை மூடிய பிறகும் மனம் அமைதியுறாதவர் கணினியிலேயே உள்ள ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ பகுதியைத் திறந்து ஒரு முழுச் சோதனை நடத்தலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அது கட்டணமின்றி உடனிருப்பது. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்ற நிலையமும் துப்புரவுக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

சிலருக்குத் திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று நாள்தோறும் சிறு சீட்டுகள் வந்தவண்ணம் இருக்கும். இது வேறு வகை. எப்போதோ ஒரு பக்கத்தில் ‘நீங்கள் இயந்திரமல்ல என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். அறிவிப்பு அனுப்பும் உரிமையை அந்தத் தளத்துக்கு அன்று நாமே வழங்கிவிட்டோம். குரோம் உலாவியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, அதில் தள அமைப்புகள், அறிவிப்புகள் என்ற தலைப்புகளைத் திறந்தால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறியாத பெயர்கள் யாவற்றையும் நீக்கிவிட்டால் சீட்டுகள் நின்றுவிடும். இதற்காகக் கடைக்காரரிடம் ஐந்நூறு, ஆயிரம் கொடுத்து வருகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

2024 முதற்கொண்டு பரவிவரும் ஒரு புதிய தந்திரம் முன்னவற்றைக் காட்டிலும் அபாயகரமானது. அதுவும் ‘நீங்கள் மனிதரா?’ என்றே தொடங்கும். பிறகு ‘விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் அழுத்துக, அடுத்துக் கண்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்துக, பின் எண்டர் தட்டுக’ என்று பணிக்கும். கேட்பதற்கு ஏதோ பள்ளிப் பயிற்சி போலிருக்கும். செய்தால் அந்தப் பக்கம் ரகசியமாக நகலெடுத்து வைத்துள்ள கட்டளை ஒன்றை நம் கையாலேயே நம் கணினிக்கு இட்டதாகும். மேலே சொன்ன சிவப்புத் திரையில் வைரஸ் இல்லை. இதைச் செய்தாலோ உண்மையான திருட்டு மென்பொருள் உள்ளே வந்துவிடும். எந்த நியாயமான தளமும் இவ்விதம் மூன்று விசைப் பயிற்சி கேட்பதில்லை.

அடுத்து, கணினியின் மந்தகதிக்கு வருவோம். ‘மெதுவாக இருக்கிறது, ஆகவே வைரஸ் இருக்கிறது’ என்னும் நம்பிக்கையைப் பெரிய வியாபாரிகளும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘ஆஃபீஸ் டிப்போ’ என்னும் பெரிய கடைத்தொகுதி, கணினியை இலவசமாகச் சோதிப்பதாகச் சொல்லி வாடிக்கையாளரை அழைத்தது. சோதனையின் தொடக்கத்தில் ‘கணினி மெதுவாக இருக்கிறதா?’ என்பது போன்ற நான்கு கேள்விகள் கேட்கப்படும். ஒன்றுக்கேனும் ஆம் என்று குறியிட்டுவிட்டால், கணினியின் உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீய மென்பொருளின் அறிகுறி கண்டதாக முடிவு வெளிவரும். 2019 மார்ச்சில் அந்நிறுவனம் 2 கோடியே 50 லட்சம் டாலரும், மென்பொருளை வழங்கிய ‘சப்போர்ட்.காம்’ 1 கோடி டாலரும் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. இணையத்தில் ‘கணினியை வேகமாக்கும்’, ‘துப்புரவு செய்யும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் இலவச மென்பொருள்களை நாம் எக்காலத்திலும் சிபாரிசு செய்யமாட்டோம். அவற்றுள் பல, தாமே கணினியில் குடியேறி மேலும் மந்தமாக்குபவை.

மந்தத்தின் மெய்யான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. கணினிக்கு இரண்டு இடங்கள் உண்டு: வேலை செய்யும் மேசை ஒன்று, ஏடுகளை அடுக்கி வைக்கும் பீரோ மற்றொன்று. ‘ராம்’ எனப்படும் நினைவகமே மேசை, வட்டு பீரோ. மேசை சிறிதாயிருந்தால் ஓர் ஏட்டை எடுப்பதற்காக மற்றொன்றைப் பீரோவில் வைத்துவிட்டு வரவேண்டும். 4 ஜி.பி. நினைவகமுள்ள கணினியில் உலாவியில் பதினைந்து பக்கங்களும் அதனோடு கணக்கு மென்பொருளும் திறந்து வைத்தால் நடப்பது இதுவே. பழைய கணினிகளில் பீரோவும் மந்தமானது. அதற்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழன்று, ஓர் ஊசி அதன்மேல் இங்குமங்கும் நகர்ந்து தேடவேண்டும். சுழலும் பகுதியே இல்லாத ‘எஸ்.எஸ்.டி.’ என்னும் வட்டை அதற்குப் பதிலாகப் பொருத்திவிட்டால், தூக்கிப்போடலாம் என்றிருந்த கணினியும் சில ஆண்டுகள் உழைக்கும். செலவிடும் பணத்துக்கு இதைப் போல் பலன் தருவது வேறில்லை என்பது நமது அனுபவம். வட்டை மாற்றுமுன் கோப்புகளுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறோம்.

முன் கூறிய டாஸ்க் மானேஜரிலேயே நோயைக் கண்டுபிடிக்கலாம். செயலி, நினைவகம், வட்டு ஆகியவை நூற்றுக்கு எத்தனை பங்கு வேலையில் ஈடுபட்டிருக்கின்றன என்று அதில் தெரியும். வட்டு ஓயாமல் நூற்றை ஒட்டி நின்றால் வட்டே குற்றவாளி. அதிலேயே ‘ஸ்டார்ட்அப்’ என்ற பக்கத்தில், கணினி விழித்தெழும்போதே தாமும் எழுந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் உண்டு. வேண்டாதவற்றை ‘டிசேபிள்’ செய்துவிடலாம்; மென்பொருள் அழிந்துவிடாது, அழைத்தால் வரும். வைரஸ் காப்பு மென்பொருள்கள் இரண்டு ஒரே கணினியில் இருந்தால் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டே பொழுதைப் போக்கும், ஒன்று போதும். நம்மூர்ச் சரக்கே வேண்டுமென்பார்க்கு, 1991 முதல் சென்னையில் இயங்கிவரும் கே-7 நிறுவனத்தின் காப்பு மென்பொருளும் உண்டு. மற்றொரு விஷயம் பலருக்குத் தெரியாது: விண்டோஸ் 10, 11 கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்து அணைத்தால் அது பெரும்பாலும் அரைத் தூக்கமே. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுவதும் புதிதாய்த் தொடங்கும். வாரம் ஒருமுறையேனும் அவ்வாறு செய்வது நலம்.

தறி வீட்டுக் கணினிக்கென்று ஒரு தனி நோய் உண்டு. தறி ஓடும் அறையில் பஞ்சுத் தூசு எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். கணினியின் உள்ளேயுள்ள சிறு விசிறி அந்தக் காற்றையே இழுத்து, செயலியைக் குளிர்விக்கும் மெல்லிய தகடுகளின் வழியே வெளியேற்றுகிறது. நாளடைவில் பஞ்சு அத்தகடுகளின் மேல் மெத்தை போல் படிந்துவிடும். காற்று போகாது, சூடு ஏறும். சூடு எல்லை மீறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாயிருந்து பிற்பகலில் மந்தமாகும் கணினி, விசிறி இரைந்து அடிப்பாகம் கையைச் சுடும் கணினி, சித்திரை வைகாசியில் மட்டும் நின்றுபோகும் கணினி ஆகியவற்றுக்கு வைரஸ் மருந்து கொடுத்து என்ன பயன்? தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பின்பக்கம் திறந்து, விசிறியையும் தகடுகளையும் காற்றால் ஊதித் துடைத்துத் தரச் சொல்லவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தறி அறையாயின் இருமுறை தேவைப்படும். களத்து மேட்டில் உமித் தூசு படும் கணினிக்கும் இதுவே வைத்தியம். மெத்தை, தலையணை, சாக்கு மூட்டை இவற்றின் மேல் வைத்து இயக்கினால் காற்று வாயில் அடைபடும். ஒரு மரப் பலகை போதும். மின்கலம் உப்பி அடிப்பாகம் புடைத்திருக்கக் கண்டால் அதனை மின்னேற்றக் கூடாது, அழுத்தவும் கூடாது, அது தீப்பற்றக்கூடியது.

பழைய விண்டோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடும், 8.1-க்கு 2023 ஜனவரியோடும், 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 10 உடைய தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் பெற வகை செய்யப்பட்டது. திருத்தம் நின்றுபோன கணினியில் பிள்ளைகள் பாடம் படிக்கலாம். சங்கத்தின் வங்கிக் கணக்கைத் திறக்கக்கூடாது. 11-ஐத் தாங்காத பழங்கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு வழி. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸும் அவற்றுள் ஒன்று. ஆனால் சங்கத்தின் கணக்கு மென்பொருள் அதில் இயங்குமா என்று கேட்டுக்கொள்ளாமல் மாற்றிவிடலாகாது.

மோசக்காரருக்குக் கணினியின் இயக்கத்தைக் கொடுத்துவிட்டோம், அல்லது பணமே போய்விட்டது என்றால் என்ன செய்வது? முதற்கண் இணைய இணைப்பைத் துண்டிக்கவேண்டும். பிறகு வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தவேண்டும். உடனே 1930 என்னும் எண்ணுக்குப் பேசவேண்டும். பணமோசடிக்கென்றே நாடு முழுவதற்கும் ஏற்பட்ட எண் அது. புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக் கணக்குக்குச் சென்றதோ அங்கே அதனை முடக்குவதற்கு முயல்வார்கள். மோசக்காரர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் துரிதமாக மாற்றி வெளியே எடுத்துவிடுவர். ஆகையால் மணிக்கணக்கில் தாமதிப்பதும் நஷ்டமே. வெட்கப்பட்டு இரண்டு நாள் மௌனமாயிருந்த அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது இதுதான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வணிக வங்கிகளுக்கும், அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கைகள் இதில் முக்கியமானவை. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் பிழையில்லாமல் மூன்றாமவரால் பணம் போய், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என அவை வகுத்தன. கடவு எண்ணைத் தாமே சொல்லிவிட்டது போன்ற கவனக்குறைவு இருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலுள்ள நஷ்டம் அவரைச் சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். ஆகவே தவறு நம்முடையதாயினும் உடனே தெரிவிப்பதில் பொருளுண்டு.

பின்னர், நல்ல நிலையிலுள்ள வேறு கணினியிலிருந்து கடவுச் சொற்கள் யாவற்றையும் மாற்றவேண்டும். பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து எனிடெஸ்க் முதலியவற்றை நீக்கி, கோப்புகளுக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்வதே உத்தமம். சங்கக் கணினியாயின் இது கட்டாயம் என்று கொள்ளவேண்டும். அங்கத்தினர்களின் ஆதார் எண்களும் வைப்புக் கணக்குகளும் அதில் உள்ளன.

எழுத்து மூலமான புகாரை சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையத் தளத்தில் பதியலாம். அல்லது காவல் நிலையத்தில் கொடுக்கலாம். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் இயங்கி வருகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எல்லை எதுவாயினும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் கொடுக்கலாம். செல்லும்போது திரையின் புகைப்படம், பேசிய எண், பேசிய நேரம், பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், வங்கியின் குறுஞ்செய்தி ஆகியவற்றை எடுத்துச் செல்லவேண்டும். சங்கப் பணமாயின் புகாரின் பதிவு எண்ணை அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முன் வைக்கவேண்டும்.